இருளாயியின் கீறல்

பயந்த கையின் வியர்வையைக் காகிதம் மறப்பதில்லை என்று கண்டுபிடித்த ஆண்டில், தமிழ்நாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் மின்கசிவு ஏற்பட்டது. எரிந்தது பெரும்பாலும் பத்திரப் பெட்டிதான். அரசு கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டு, தனியார் கையிலிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்கள் அனைத்தையும் ஆவண நடுவங்களுக்கு அள்ளிக்கொண்டு வந்தது. கிரயப் பத்திரம், உயில், பாகப்பிரிவினை, சம்பந்திக்கு எழுதிய கடிதம், வைத்தியருக்கு எழுதிய சீட்டு, எல்லாம் கலந்து மூட்டை மூட்டையாக வந்தன.

மதுரை நடுவத்தில் அவற்றைப் படிக்கும் வேலை ஹாஜிராவுக்கு. எழுத்தைப் படிப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அவள் படித்தது வியர்வையை.

சட்டம் சுருக்கமானது. பயத்தில் பிறந்த பத்திரம் செல்லாது. ஆய்வாளர் நிரப்பும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: ஆவணத்தில் அச்சம் உண்டா, இல்லையா? விதவையை அறைக்குள் அடைத்து எழுதி வாங்கிய தோப்பு, சகோதரனை மிரட்டிப் பிரித்த வீடு என்று பல தாள்களுக்கு ஹாஜிரா 'உண்டு' எழுதியிருந்தாள். ஒவ்வொரு முறையும், செத்துப்போன ஒருவர் தன்னிடம் வந்து வாய்திறந்து முறையிட்டதுபோல் அவளுக்கு இருக்கும். கீழக்கரையில் அவளுடைய அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், இந்தக் கதைகளைத்தான் முதலில் கேட்பார்கள்.

கமுதிக்குத் தெற்கே செம்மேடு என்ற குடியிருப்பிலிருந்து முனீஸ்வரி வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. கருவேலங்கட்டையில் கரிமூட்டம் போடுகிறவள். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கரி போவதில்லை. அவர்கள் குடியிருக்கும் மேட்டைப் பண்ணையார் உலகநாதனின் வாரிசுகள் சூரிய மின்சாரப் பலகைகள் போடும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. மேடு ஒரு காலத்தில் முனீஸ்வரியின் முன்னோரான இருளாயிக்குச் சொந்தமாக இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் அவள் அதை அந்த உலகநாதனுக்குச் சில மரக்கால் கம்புக்கு விற்றாள். அந்தப் பத்திரம் உலகநாதன் வீட்டுத் தாள்களோடு நடுவத்துக்கு வந்திருந்தது.

"மேடம், நெசமாவே தாளுல பயம் தெரியுமா?" என்று முனீஸ்வரி கேட்டாள்.

"வெயில்ல வர்ற வேர்வை வேற, பயத்துல வர்ற வேர்வை வேறக்கா. பயந்தா ஒடம்பு அதுல சில சரக்கைக் கலந்து விட்டுரும். அந்தக் காலத்துத் தாளுக்குக் கஞ்சிப் பசை போட்டிருப்பாங்க. அதுல ஒட்டிக்கிட்டா லேசுல போகாது."

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே. கீறல்தான் போட்டுருப்பா."

"கீறல் போட்டாலும் கையைத் தாளுல ஊன்றித்தானே ஆகணும்?"

முனீஸ்வரி கண்ணாடிக்குள் கிடந்த தாளைக் குனிந்து பார்த்தாள். கீழே இடது ஓரத்தில் கோணலாக இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று. "கை நடுங்கிருக்கு பாருங்க" என்றாள் நம்பிக்கையோடு.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு ஹாஜிரா கருவியை ஓட்டினாள். கீறல் இருந்த இடத்தில் அச்சம் இல்லை. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இல்லை. கை ஊன்றிய தடம் தெளிவாக இருந்தது, வியர்வையும் இருந்தது. உழைத்த கையின் வெறும் வியர்வை. நடுக்கம் பசியால் வந்தது என்று அவளுக்குப் புரிந்தபோது, இனி என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு தாள் அவளுக்கு இதுவரை வந்ததில்லை. எளியவர் பயந்திருப்பார் என்பதில் அவளுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததும் இல்லை.

பிறகு முழுத் தாளையும் வரி வரியாக ஓட்டிப் பார்த்தாள். மேல் வரியிலேயே திரை சிவந்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி, எல்லாம் சிவப்பு. பஞ்சத்தில் கணக்கப்பிள்ளை ஊரைவிட்டுப் போயிருந்ததால் உலகநாதன் தன் கையாலேயே பத்திரத்தை எழுதியிருந்தார். அந்தக் கை முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரை பயந்துகொண்டே எழுதியிருந்தது.

படிவம் மேசையில் இருந்தது. ஆவணத்தில் அச்சம் உண்டா?

'உண்டு' என்று எழுதினாள். பொய் இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று மாலை பேருந்தில் போகும்போதும் அதையே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

தீர்ப்பாயத்தில் வாரிசுகளின் வக்கீல் எழுந்து அறிக்கையைப் புரட்டினார். நிதானமான மனிதர்.

"உண்டுன்னு எழுதியிருக்கீங்க. யாருடைய அச்சம்னு சொல்ல முடியுமா?"

ஹாஜிரா தீர்ப்பாயத் தலைவர் தில்லைநாயகியைப் பார்த்தாள். "பதில் சொல்லுங்க" என்றார் அவர்.

"வாங்கினவருடையது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "விற்ற அம்மாவுக்கு?" என்றார் வக்கீல்.

"அவங்க கைத்தடத்துல அச்சம் இல்லை."

வக்கீல் போதும் என்பதுபோல் உட்கார்ந்துகொண்டார். முனீஸ்வரி ஹாஜிராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

ஆனால் தில்லைநாயகி சட்டப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த ஒற்றை வரியை இரண்டு முறை வாசித்தார். "யாருடைய அச்சம்னு சட்டம் பிரிக்கவே இல்லையே. எழுதின கை பயந்திருக்கு. சட்டம் கேட்கிறது அவ்வளவுதான். பத்திரம் செல்லாது." மேடு செம்மேட்டுக்காரர்களுக்கே என்று தீர்ப்பானது.

வாசலில் செம்மேட்டு இளவட்டங்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள். முனீஸ்வரி மட்டும் ஹாஜிராவைத் தனியே மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"எங்காளுக்குப் பயமே இல்லியா மேடம்?"

"இல்லக்கா."

"அப்ப மனசாரக் குடுத்தான்னு அர்த்தமா?"

"அதக் கருவி சொல்லாதுக்கா."

முனீஸ்வரி மரத்தில் சாய்ந்துகொண்டாள். "நாலு பிள்ளைகளாம் அவளுக்கு. மேட்ட எழுதிக் குடுக்கப் போகயில ஒண்ணுதான் மிஞ்சி இடுப்புல இருந்துச்சாம். எங்க வீட்டுல சொல்லுவாக. பயப்படணும்னா கையில ஏதாச்சும் மிச்சம் இருக்கணும்ல மேடம்?"

ஹாஜிரா கையிலிருந்த அறிக்கையை இரண்டாக மடித்தாள்.

"அந்தாளு பயந்துருக்கான்னா, என்ன வாங்குறோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் முனீஸ்வரி. பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, ஆட்கள் நின்ற பக்கம் போனாள்.

வக்கீல் தோற்ற கோபத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. அந்த ஒற்றை வரியைத்தான் எடுத்துக்கொண்டு போனார். யாருடைய அச்சமானாலும் செல்லாது என்றால், பயந்து கொடுத்ததும் செல்லாதல்லவா? உலகநாதன் வீட்டுத் தாள்களிலேயே இன்னொன்று இருந்தது. பஞ்சம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, பக்கத்து ஊரான நெடுவயல் சனங்கள் அவர் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து நகர மறுத்தபோது, தன் நிலத்து ஊருணியில் அவர்களும் தண்ணீர் எடுக்கலாம், தடுப்பதில்லை என்று அவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். நெடுவயல் இன்றுவரை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மின்பலகைகளைக் கழுவவும் தண்ணீர் வேண்டும். கம்பெனிக்கு ஊருணி தேவைப்பட்டது.

அந்தத் தாள் ஹாஜிராவின் தட்டுக்கு வந்தது. திரை முழுக்கச் சிவந்தது. இதுவும் பொய்யில்லை. 'உண்டு' என்று எழுதும்போது அவள் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. வேறு படிவம் எடுத்து எழுத வேண்டியிருந்தது.

அதே மாதத்தில் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் மனுக்கள் வரத் தொடங்கின. குடியானவன் விளைச்சலில் கொடுக்க வேண்டிய வாரத்தைக் குறைத்து எழுதிய சீட்டு, சுடுகாட்டுக்குப் பாதை விட்ட ஒப்பந்தம். எழுதிய பெரியவர்கள் எல்லோரும் பயந்துதான் எழுதியிருந்தார்கள். கேட்டவுடனே அன்பாக எழுதிக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை. எல்லா மனுவிலும் செம்மேட்டுத் தீர்ப்பு மேற்கோளாக இருந்தது.

முனீஸ்வரி மறுபடி நடுவத்துக்கு வந்தாள். தங்கையை நெடுவயலில்தான் கட்டிக்கொடுத்திருந்தது.

"சுத்தி வளைக்காம கேக்குறேன் மேடம். எங்க தீர்ப்பத் திருப்பிக் குடுத்துட்டா அவுக ஊருணி நிக்குமா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரோ சொன்னாக. நிக்குமா?"

ஹாஜிரா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நிக்கும். ஜெயிச்சவங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா அந்தத் தீர்ப்பை வேற வழக்குல காட்ட முடியாது. ஆனா உங்க மேடு போயிரும்க்கா. வீட்டக் காலி பண்ணணும்."

"தெரியும்."

"ஊர்ல பேசிட்டீங்களா?"

"பேசினோம். கோயில் முன்னாடி கூடி, கைகலப்பே ஆயிருச்சு. எங்க வீட்டுக்காரரு எங்கிட்டப் பேச மாட்டேங்காரு. ஆனாலும் சரின்னுட்டாக." முனீஸ்வரி கரி படிந்த நகத்தைச் சுரண்டினாள். "மேட்டுல முப்பது வீடு மேடம். ஊருணித் தண்ணி குடிக்கிறது அந்த ஊரு மொத்தமும். என் தங்கச்சி கொடத்தத் தூக்கிக்கிட்டு எங்க போவா?"

விட்டுக்கொடுக்கும் மனுவைத் தீர்ப்பாயப் பதிவாளர் முன்னால் நேரில் கையெழுத்திட வேண்டும். புதுச் சட்டத்துக்குப் பிறகு பதிவுக்கு வரும் கையெழுத்தெல்லாம் வெறும் தாளில் போடுவதில்லை. கருவி பதித்த கறுப்புத் தட்டின் மேல் தாளை வைத்து, கையை ஊன்றிப் போட வேண்டும். பயம் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. அருகில் ஆய்வாளர் ஒருவர் இருந்து சான்று எழுத வேண்டும். அன்றைக்கு ஹாஜிராவை அனுப்பியிருந்தார்கள்.

முனீஸ்வரி உட்கார்ந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தன் பெயரை நிறுத்தி எழுதினாள். சிவப்பு.

"செல்லாதும்மா" என்றார் பதிவாளர். "யாராவது மிரட்டினாங்களா?"

"ஒருத்தரும் மிரட்டல."

"அப்ப ஏன் பயம்?"

"வீடு போகப் போகுதுங்க. பயம் இருக்காதா?"

"பயத்துல போட்ட கையெழுத்தை நான் வாங்கினா என் வேலை போயிரும். பயம் தெளிஞ்சதும் வாங்க."

"தெளிஞ்சதும்னா, வீடே வேண்டாம்னு ஆன பெறகா?" என்றாள் முனீஸ்வரி. அவள் குரல் உயரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல் கேட்டாள். பதிவாளர் ஹாஜிராவைப் பார்த்தார். ஹாஜிரா தட்டைப் பார்த்தாள்.

மனுதாரர்களில் யாராவது ஒருவர் கையெழுத்து சரியாக விழுந்தால் போதும் என்று பதிவாளர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். வெளியே வேனில் காத்திருந்த செம்மேட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முனீஸ்வரியிடம் பேசாத கணவன் வந்தான், அவளைப் பார்க்காமலே கையெழுத்திட்டான். சிவப்பு. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி, போன வருஷம் மாடி எடுத்த பையன் சிவப்பு. இடுப்பில் குழந்தையோடு வந்த பெண், "எனக்குப் பயமெல்லாம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். சிவப்பு. எல்லோருமே தெரிந்துதான் வந்திருந்தார்கள், யாரும் திரும்பிப் போகவும் இல்லை. தட்டுக்கு மட்டும் அது விளங்கவில்லை. ஹாஜிரா ஒவ்வொரு சான்றிலும் 'உண்டு' என்று எழுதினாள்.

கடைசியாக மாரிக்கண்ணு வந்தாள். முனீஸ்வரிக்குச் சித்தி முறை. மகளும் மருமகனும் பட்டாசு ஆலை விபத்தில் போய் இன்னும் ஆண்டு திரும்பவில்லை. எல்லோரும் வேனில் ஏறியதால் ஏறி வந்தவள். எங்கே போட வேண்டும் என்று கேட்டு, காட்டிய இடத்தில் கீறல் மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டாள்.

பச்சை.

பதிவாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். "முடிஞ்சது. இது செல்லும்" என்று முத்திரையை எடுத்தார்.

"இருங்க" என்றாள் முனீஸ்வரி. மாரிக்கண்ணுவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "சித்தி, என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்னு தெரியுமா?"

"வீட்ட விடுறதுக்கு."

"ஒனக்குச் சம்மதமா?"

"எந்த வீடா இருந்தா என்னத்தா?" என்றாள் மாரிக்கண்ணு. "போட்டாச்சுல்ல? போவமா?"

முனீஸ்வரி எழுந்தாள். "இந்தக் கையெழுத்து வேண்டாம் சார். அழிச்சிருங்க."

"ஏம்மா, இதுக்காகத்தானே காலையிலேருந்து நிக்கிறீங்க? நெடுவயலுக்கு ஊருணி கெடைக்கும். வேண்டாமா?"

"வேணும். ஆனா இவகிட்ட எழுதி வாங்கிக் குடுக்க மாட்டோம்."

"செல்லும் கையெழுத்த அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்று பதிவாளர் சலித்துக்கொண்டார். "ஆய்வாளர் சான்று எழுதுங்க மேடம்."

ஹாஜிரா படிவத்தை இழுத்தாள். உண்டு, இல்லை. இரண்டுக்கும் கட்டம் இருந்தது. அவள் இரண்டையும் விட்டுவிட்டு, கீழே ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: 'கையெழுத்திட்டவரிடம் பயப்படுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. இதைச் சம்மதம் என்று என்னால் சான்றளிக்க முடியாது. பயந்துகொண்டே கையெழுத்திட்ட மற்றவர்கள் அனைவரும் முழுச் சம்மதத்துடன் இட்டார்கள் என்பதற்கு நான் கண்கண்ட சாட்சி.'

"இப்படி எழுதச் சட்டத்துல எடமில்லையே!" என்றார் பதிவாளர்.

"தெரியும் சார்" என்று சொல்லி ஹாஜிரா கீழே கையெழுத்துப் போட்டாள்.

சட்டத்தில் இடமில்லாத அந்தத் தாளைப் பதிவாளர் ஏற்கவும் முடியாமல் கிழிக்கவும் முடியாமல் தில்லைநாயகிக்கு அனுப்பிவைத்தார். தில்லைநாயகி அதைப் பல நாள் தன் மேசையிலேயே வைத்திருந்தார். முடிவில், பயமும் சம்மதமும் ஒன்றுக்கொன்று எதிர்தானா என்ற கேள்வியை உயர்நீதிமன்றத்துக்கு எழுதி, அங்கிருந்து பதில் வரும்வரை செம்மேடும் ஊருணியும் இப்போது யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடமே இருக்கட்டும் என்று ஆணையிட்டார். மற்ற மாவட்ட மனுக்களும் அப்படியே நின்றன. உயர்நீதிமன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஹாஜிராவுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. கருவியிலிருந்து மாற்றி, கிழிந்த தாள்களை ஒட்டும் பிரிவில் போட்டார்கள். அண்ணன் வீட்டில் இப்போது அவளிடம் கதை கேட்பதில்லை. வருத்தப்படுவாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் அப்படி ஒன்றும் வருத்தப்படவில்லை. பசை காயும் நேரத்தில் தாள்களில் எழுதியிருப்பதைப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கிய ஒரு நாள் காலை முனீஸ்வரி போனில் கூப்பிட்டாள்.

"மேட்டுல தண்ணி ஏறலியேக்கா?" என்று ஹாஜிரா கேட்டாள்.

"மேட்டுல ஏறாது. அதுக்குத்தான அந்தக் காலத்துலயே அதுல கண்ணு வச்சாக." சிரித்தாள். பின்னால் ஆடு ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "சத்தம் கேக்குதா? சித்தி ஆடு. போன மாசந்தான் ஒரு குட்டி வாங்கிக் குடுத்தோம். விடியிறதுக்குள்ள வந்து கதவ இடிக்கிறா. சொவரு ஊறிப்போச்சுடி, குட்டி மேல விழுந்துருமோன்னு கெடந்து பதறுறா. இப்ப என் வீட்டு அடுப்படியில கட்டிப் போட்டுருக்கு."

"மாரிக்கண்ணு அம்மா எங்கே?"

"அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்துருக்கா. என் வீட்டுச் சொவரையும் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு."